நாற்பத்தொன்றாம் தாடை

தாடை ஆராய்ச்சியில் ஒவ்வொரு ஸ்கேனையும் வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் அளக்க வேண்டும். அளப்பவர் கை பிசகவில்லை என்பதற்கு அதுதான் சான்று. ஸ்கேன்களில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். நாற்பத்தொன்று யாருடையது என்று டாக்டர் சகாயராணிக்குத் தெரியும்.

அவள் கணவர் பெர்னார்டு பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்டது, தாடையும் உடைந்தது. மேல்பற்களையும் கீழ்ப்பற்களையும் சேர்த்துக் கம்பியால் கட்டியபின் எடுத்த படம் அது. கடைசி நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார்.

"கம்பி எடுத்ததும் சொல்லுங்க" என்றாள். எடுக்கும் முன்பே போய்விட்டார்.

நாற்பத்தொன்றை அளந்த முதல் வாரம் மேல்பற்களுக்கும் கீழ்ப்பற்களுக்கும் நடுவே இடைவெளி இல்லை. இரண்டாம் வாரம் நான்கு மில்லிமீட்டர். மூன்றாம் வாரம் பதினொன்று. மற்ற தாடைகள் எதுவும் மாறவில்லை.

உடன் அளக்கும் அன்வர் சிரித்தான். "ரெண்டு வருஷத்துக்கு முந்தி எடுத்த படம் வாயத் தொறக்குமாக்கா? கண்ணாடிய மாத்துங்க."

"நீயே அளந்து பாரு."

அளந்தான். அவனுக்கும் பதினொன்றுதான் வந்தது.

"இத எடுத்துரலாங்க்கா. ஆராய்ச்சியே கெட்டுப்போயிரும்."

"இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்டா."

அடுத்த திங்கட்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து படத்தைத் திறந்தாள். இருபத்திரண்டு. கம்பியைக் காணவில்லை.

எழுந்து மின்விசிறியை அணைத்தாள். சன்னலைச் சாத்தினாள். நாற்காலியை இழுத்துப்போட்டு, திரைக்கு மிக அருகில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.