எழுபத்தைந்துக்குள்ளே

“யோவ் கெங்! தூங்குறதுக்கா உனக்குச் சம்பளம்? பம்பைப் போடுய்யா!”

நூலக வாசலில் அதிகாரி ஷென் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. நகரத்துச் சுற்றுச்சூழல் பிரிவே அவர் கையில்தான்.

உடற்பயிற்சி டீச்சர் சூயுன் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவளுக்கும் கோபம்தான். இன்றைக்கு அவள் பள்ளியில் ஓட்டத் தேர்வு. அந்த மார்க் இல்லாமல் நல்ல உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்காது. பிள்ளைகள் நாற்பது பேரும் கோட்டில் நிற்கும்போது பள்ளி வாசல் பலகையில் காற்றுத் தூசி நம்பர் கிடுகிடுவென ஏறித் தேர்வே நின்றுபோனது.

“சார், நேத்து வரைக்கும் நுண்தூசி அறுபதைத் தாண்டலை. இன்னிக்கு எப்படி இருநூத்துப் பன்னிரண்டு? அரசாங்க எல்லையே எழுபத்தஞ்சுதானே?”

“இந்தாளைக் கேளுங்க டீச்சர்! காலையிலேருந்து தண்ணியே அடிக்கலை!”

நூலக மொட்டை மாடியில் காற்றை அளக்கும் மிஷின்; பள்ளிப் பலகையில் வருவதும் அதன் நம்பர்தான். அதன் கீழே தண்ணீர்ப் பீரங்கி வண்டி. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அது மேலே பார்த்துச் சாரல் அடித்துக்கொண்டே இருக்கும். இன்று டிரைவர் கெங் சாவகாசமாக உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார்.

“தொட்டி நிறையத் தண்ணி இருக்கே, ஏன்யா அடிக்கலை?”

“மனசு வரலை ஐயா.”

சூயுனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மனசு வரலையா? மூணு மாசமா இந்தக் குளிர்ல பிள்ளைங்களை ஓட வெச்சுப் பழக்கியிருக்கேன். உங்க ஒருத்தர் சோம்பேறித்தனத்தால எல்லாம் பாழ்!”

கெங் வண்டியைவிட்டு இறங்கினார்.

“இந்தச் சாரல் எவ்வளவு தூரம் போகும் டீச்சர்? அந்த மாடி வரைக்கும். மிஷினைச் சுத்தியிருக்கிற தூசி மட்டும் அடங்கும். உங்க மைதானம் ரெண்டு தெரு தள்ளியில்ல இருக்கு?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அப்போ மைதானத்துல தினமும்…?”

“இதேதான். இருநூறு. சில நாள் அதுக்கும் மேலே.”

அடப்பாவிகளா! அந்தப் பலகையை நம்பித்தானே தினமும் விசில் ஊதினாள்! இருமிய பிள்ளையைக்கூட, “சாக்குச் சொல்லாதே, இன்னொரு சுத்து ஓடு” என்று விரட்டினாளே!

“உளர்றான் டீச்சர்!” ஷென் குறுக்கே பாய்ந்தார். “மைதானத்துக் காத்து சுத்தமான காத்து. அதுக்கு நான் பொறுப்பு. உன் வேலை இன்னியோட போச்சுடா!”

“போகட்டும் ஐயா.” கெங் குரல் உயரவில்லை. “தினமும் காலையில என் வண்டி பக்கத்துலதானே நின்னு, கையிலிருக்கிற குட்டி மீட்டரைப் பார்த்து வீட்டுக்குப் போன் போடுறீங்க? ‘நெஜ நம்பர் இருநூறு. பாப்பாவை ஓட விடாதே. கால் வலின்னு லெட்டர் குடுத்தனுப்பு’ன்னு?”

ஷென் அவசரமாகத் தன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்.

சூயுன் அவரையே வெறித்துப் பார்த்தாள். அவர் மகள் அவளுடைய வகுப்புதான். அந்தக் கால் வலி லெட்டர்களில் எல்லாம் “அனுமதி” என்று கையெழுத்துப் போட்டதும் அவளேதான்.

கெங் அவள் பக்கம் திரும்பினார்.

“மத்த பிள்ளைங்க வீட்டுக்கு யாரு டீச்சர் போன் போடுறது? அதான் இன்னிக்குத் தண்ணி அடிக்கலை.”