கைராசி டாக்டர்

"மோவாயைத் துடைச்சுக்கோடி, சூப்பு ஒழுகுது" என்றாள் அக்கா நாஹி.

நாகியோங் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்தாள். சூப் வழிந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. தாடை எலும்பைச் சீவி முகத்தை ஒடுக்கிக்கொண்ட நாளிலிருந்து கீழுதடு மரத்துக் கிடக்கிறது.

சியோலின் பெரிய கடை ஒன்றில் உதட்டுச்சாயம் விற்றுக்கொண்டிருந்தவள் அவள். தன் உதட்டில் பூசிக் காட்டித்தான் விற்பாள். இப்போது பூசினால் கோணிப்போகிறது. கடையில் அவளைப் பின்கட்டில் பெட்டி அடுக்கத் தள்ளிவிட்டார்கள்.

சாப்பாட்டுக் கடைக்கு எதிரே கண்ணாடிக் கட்டடமாக நின்றது ஆஸ்பத்திரி. உள்ளே போனதும் டாக்டரின் சட்டையைப் பிடித்துக் கேட்கும்படி அக்கா ஏற்றிவிட்டாள்.

"அவர்மேல என்ன தப்புக்கா? கைராசிக்காரர். அவர்கிட்டதான் பண்ணிக்கணும்னு ஒரு வருஷம் காத்திருந்தேன். எனக்கு மயக்கம் வர்ற வரைக்கும் பக்கத்துலயே நின்னாரு. நான்தான் அவர் பேச்சைக் கேக்கல."

அறுவைக்கு முன் கஷாயம் எதுவும் கூடாது, ரத்தம் லேசில் உறையாது என்று அவர் சொல்லியிருந்தார். அம்மா ஆசையாக அனுப்பிய ஜின்செங் வேர்க் கஷாயத்தை அவள் குடித்துத் தொலைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பியோ ஊசிமுனையால் அவள் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் உறைக்கவில்லை. கஷாயக் கதையை அவளாகவே சொல்லி அழுதாள். மன்னிப்புக் கேட்டாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். ரத்தம் கசிந்து வீங்கினால் நரம்பு நசுங்கத்தானே செய்யும், படித்துப் படித்துச் சொன்னேனே என்று வருத்தப்பட்டார். கோபிக்கவில்லை. மறுபடி திறந்து, நரம்பை அழுத்தும் எலும்பைச் சீவிவிடலாம், அதற்கு ஒரு காசும் வேண்டாம் என்றார்.

நாகியோங் எழுந்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள். இந்த மனுஷரையா அக்கா அப்படித் திட்டினாள்!

"திரும்பவும் ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு டாக்டர்."

அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாதம்மா. இந்தத் தடவை நானே பண்றேன்."