ரோஜாத் தோட்டத்தில் சிமென்ட்

"அவ்வளவு அழகான ரோஜாத் தோட்டத்து மேல சிமென்டைக் கொட்ட யாருக்காவது மனசு வருமா?"

வீட்டு முன்னால் பரந்துகிடந்த தளத்தை செல்போனில் படம் எடுத்தபடியே கேட்டான் ஸ்டூவர்ட்.

"நான்தான் போடச் சொன்னேன்," என்றாள் அக்கா லின்னெட்.

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

அவள் மதியத்துக்கு ஏதாவது சூடாக வாங்கி வருவதாகச் சொல்லி, கோட்டை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள்.

பல்லாரட்டில் நூறு வயதைத் தாண்டிய மரவீடு அது. அக்காவின் பராமரிப்பில் அங்கேயே இருந்த அம்மா ஜனவரியில் போன பிறகு, விற்க வேண்டாம், அப்பா காலத்தில் இருந்த மாதிரியே புதுப்பிக்கலாம் என்று முடிவு செய்தது ஸ்டூவர்ட்தான். மெல்பர்னிலிருந்து ஒன்றரை மணி நேரம். இந்த ஆறு மாதமாக ஒரு சனிக்கிழமை தவறவில்லை. கூரைத் தகரம் மாற்றியாகிவிட்டது. வராந்தாவின் இரும்புப் பூவேலையில் ஒட்டிய துருவைத் தானே உட்கார்ந்து சுரண்டினான். பாக்கி இருந்தது தோட்டம் மட்டும்.

எடுத்த படத்தைச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டான். 'அப்பாவோட நாற்பது ரோஜாச் செடியையும் எங்க அக்கா அடக்கம் பண்ணின இடம்.'

பதில்கள் வரிசையாக விழுந்தன.

'கார் நிறுத்தவா?'

'லின்னெட்டுக்கு ரசனை எந்தக் காலத்துல இருந்துச்சு!'

லின்னெட்டும் அந்தக் குழுவில் இருப்பவள்தான். கடைத்தெருவிலிருந்தே எழுதியிருந்தாள். 'மன்னிச்சுக்கோங்க. என்னால பராமரிக்க முடியலை.'

இப்போதாவது ஒத்துக்கொண்டாளே என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.

காலையிலிருந்து தளத்தை உடைத்துக்கொண்டிருந்த விட்டோ இயந்திரத்தை நிறுத்தி, காதடைப்பைக் கழற்றினார். அதே தெருவில் நாற்பது வருஷமாக இருக்கிற கொத்தனார்.

"பாதிகூட முடியலையே விட்டோ. இவ்வளவு கெட்டியா எந்த மடையன் போட்டான்?"

"இந்த மடையன்தான் தம்பி."

"நீங்களாவது அக்காகிட்ட வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். உங்க அக்கா காரணத்தைச் சொன்னாங்க. மறுநாளே வந்து போட்டுட்டேன்." விட்டோ தரையில் உட்கார்ந்து ஃபிளாஸ்கைத் திறந்தார். "கடைசி ரெண்டு வருஷம் அம்மாவுக்கு ஞாபகம் சரியில்லையில்ல? பார்வையும் மங்கிப்போச்சு. தெருவுல கார் சத்தம் கேட்டாப் போதும், வாக்கரைத் தள்ளிக்கிட்டு கேட்டுக்கு ஓடுவாங்க. பாதை அடையாளம் தெரியாது. நேரா ரோஜாச் செடிக்குள்ள போய் விழுவாங்க."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"ஒரு தடவை நான்தான் தூக்கினேன். கை, முகமெல்லாம் முள்ளு கிழிச்சு ரத்தம். அப்பவும் 'என்னை விடு, கார் போயிடும்'ங்கறாங்க."

ஸ்டூவர்ட் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"டாக்டர் கதவைப் பூட்டி வைக்கச் சொன்னார். உங்க அக்கா கேக்கலை. 'அம்மாவைப் பூட்ட மாட்டேன், கேட் வரைக்கும் விழாம போய்வரட்டும், நீங்க தரையைச் சமமாக்குங்க'ன்னாங்க. அப்புறம் ஒரு ரோஜாகூட மிஞ்சலை. ஆனா அம்மா ஒரு நாளும் விழலை."

"கேட்டுல போய் என்ன பண்ணுவாங்க?"

விட்டோ அவனை ஒருமுறை பார்த்துவிட்டு டீயைப் பார்த்தார்.

"நிப்பாங்க. சனிக்கிழமைன்னா காலையில குளிச்சு, நல்ல கவுனைப் போட்டுக்கிட்டு வந்து நிப்பாங்க. நீங்க வர்றேன்னு போன்ல சொல்லியிருப்பீங்களாம்."

சொல்லியிருக்கிறான். புதன்கிழமை தோறும் போனை வைக்கும்போது அது தானாக வாயில் வரும். 'சனிக்கிழமை பாக்கலாம்மா.' ரெண்டு வருஷத்தில் வந்தது மூன்று தடவையோ, நான்கு தடவையோ. அம்மாவுக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்காதே என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

குழுவில் போட்ட படத்தை அழிக்கப் பார்த்தான். அதற்குள் முப்பது பேர் பார்த்திருந்தார்கள்.

"ஆனா ஒண்ணு தம்பி," என்றார் விட்டோ, அவன் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல். "நீங்களும் வராம இருக்கலை. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அம்மா எல்லார்கிட்டயும் சொல்வாங்களே. 'நேத்து என் பையன் வந்தான், வாரம் தவறாம வர்றான்'னு. அவ்வளவு பெருமை அவங்களுக்கு."

"நான் வரலை விட்டோ."

விட்டோ ஃபிளாஸ்கை மூடினார்.

கேட் திறந்தது. லின்னெட் கையில் பேக்கரிப் பொட்டலத்தோடு வந்தாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது.

"ஆறிடப் போகுது. ரெண்டு பேரும் உள்ள வாங்க."

அவன் நகரவில்லை. "அக்கா, நான் வாராவாரம் வர்றேன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொன்னாங்களாமே. யாரு அப்படிச் சொல்லிவச்சது?"

லின்னெட் விட்டோவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான். இருட்டினதும் உள்ள கூட்டிட்டு வந்து படுக்க வைப்பேன். 'அவன் வந்தாம்மா, நீ அசந்து தூங்கிட்டே, நெத்தியில முத்தம் குடுத்துட்டுப் போனான்'னு சொல்வேன்."

"ஏன்க்கா? நான் வரலைன்னு உள்ளதைச் சொல்லியிருக்கலாமே."

"அம்மாகிட்ட உன்னை எப்படிடா விட்டுக்கொடுப்பேன்?"