கண்ணாடி போட்டால்தான் தெரியும்

"விச்சு, உங்கப்பாவுக்கு என்னமோ ஆயிடுத்துடா."

ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டுச் சமையலறையிலிருந்து கல்பகம் போனில் கிசுகிசுத்தாள். மகன் விஸ்வநாத் ஊரின் மறுகோடியில், ராமச்சந்திராபுரத்தில் வேலையில் இருந்தான்.

"கம்ப்யூட்டர்ல எழுத்துமில்ல, படமுமில்ல. வெள்ளை வெளேர்னு இருக்கு. அதையே பார்த்துண்டு தட்டிண்டிருக்கார். வீட்டுக்குள்ள கூலிங் கிளாஸ் வேற."

"ஆமாம்மா. நீ அப்பாவையே கேளேன். சொல்வார்."

பதட்டமே இல்லாமல் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் என்ன செய்வது? கல்பகம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

"ஏன்னா, இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்," என்றார் நாராயணஸ்வாமி, திரும்பாமல்.

"நம்ம கல்யாணம் என்னிக்கு?"

"பிப்ரவரி ஒன்பது. உங்க மாமா ரசம் சூடா இல்லைன்னு பந்தியிலேர்ந்து எழுந்து போனாரே, அன்னிக்கு."

நினைவெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"அப்புறம் ஏன் இந்த வெள்ளைத் திரையை முறைச்சுண்டு உக்காந்திருக்கேள்?"

அவர் நாற்காலியைத் திருப்பினார். டி.வி. தயாரித்த தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்தவர். கேட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

"உக்காரு. பழைய டப்பா டி.வி.ல எலக்ட்ரான் பின்னாலேர்ந்து பாஞ்சு வந்து கண்ணாடிப் பூச்சுல மோதும். மோதின இடம் ஒளிரும். இது அப்படி இல்ல. பின்னால விளக்கு எரிஞ்சுண்டே இருக்கும். நடுவுல திரவப் படிகம் அந்த வெளிச்சத்தை முறுக்கி விடும். முன்னால ஒட்டியிருக்கற பிலிம், எதை விடணும், எதைத் தடுக்கணும்னு வடிகட்டும். அந்த பிலிமை உரிச்சுட்டேன்."

"நன்னாருக்கற பொருளையா?"

"உரிச்சு, வெட்டி, இந்தக் கண்ணாடியில ஒட்டிண்டேன். எழுத்தெல்லாம் திரையிலதான் இருக்கு. கண்ணாடி போட்டவனுக்கு மட்டும்தான் தெரியும்."

"ரிட்டயர் ஆன மனுஷனுக்கு அப்படி என்ன ராணுவ ரகசியம்?"

"இருக்கே," என்றார்.

கல்பகம் வாய்விட்டுச் சிரித்தாள். மனுஷர் புத்தி எங்கேயும் போகவில்லை. பழைய குறும்புதான்.

வாசலில் மணி அடித்தது. காஸ் சிலிண்டர். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அவர் எழுந்து போனார்.

என்னதான் ரகசியம் என்று பார்த்துவிடலாமே. கல்பகம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்துகள் வரிவரியாக எழுந்து நின்றன.

"கல்பகத்தின் மறதிக்கு நான் பழக வேண்டியவை" என்று தலைப்பு. கீழே மாத்திரை வேளை, டாக்டர் சொன்னவை. கடைசி வரி நேற்றுத் தேதியிட்டிருந்தது:

"திரை ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று இன்றும் கேட்டாள். ஆறாவது தடவை. எப்போது கேட்டாலும் முதல் தடவை கேட்பதுபோலவே சொல்ல வேண்டும். ராணுவ ரகசியம் என்று வரும்போது சிரிப்பாள், அதுவரைக்கும் அவசரப்படக் கூடாது."