கவிழ்த்தால் நிற்க வேண்டும்

"கொதிக்கக் கொதிக்க ஊத்திடாதேடி! கீழ இருக்கிற வெள்ளை உருகி, எல்லாம் குட்டைத் தண்ணி மாதிரி கலங்கிடும்."

தொலைபேசியில் குரல் அதட்டியது. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கோலெட் பச்சை ஜெல்லிக் கரைசலில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஆறிடுச்சுக்கா."

"கரண்டியைக் கவுத்துப் பிடிச்சு, அது முதுகு மேல ஊத்து. மெதுவா! அன்னாசி டின்னுல வந்ததுதானே?"

"முதல்ல பழமாத்தான் வாங்கிட்டு வந்தேன்..."

"அடிப்பாவி! பச்சை அன்னாசி போட்டா ஜென்மத்துக்கும் இறுகாது."

"போடலேக்கா, டின்னுதான். பழத்தை மாமியார் கண்ணுல படாம கொல்லையில பனிக்குள்ள புதைச்சிருக்கேன்."

சிவப்பு, வெள்ளை, மஞ்சள், வெள்ளை. தகர அச்சுக்குள் அதன்மேல் பச்சை மெல்லப் பரவியது. ஜெல்லியாலான அடுக்குச் சாலட்டில் கடைசி அடுக்கு. கூடத்தில் செருப்புச் சத்தம். கோலெட் சட்டென்று ரிசீவரை மாவு டின்னுக்குப் பின்னால் தள்ளினாள்.

மாமியார் லவெர்டா உள்ளே வந்தாள்.

"யாரோட பேச்சு?"

"சும்மா... எனக்கு நானே, அத்தை."

"பேசு, பேசு. போன தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நீ செஞ்சது மேஜையில வழிஞ்சு ஓடிச்சே, நம்ம சபை பிஷப்பு உறிஞ்சுகுழல் கேட்டாரு. ஜனீல் வந்துதானே மானத்தைக் காப்பாத்தினா?"

ஜனீல், கோலெட்டின் கணவன் வெர்லுடைய முதல் மனைவி. சட்டப்படி பிரிந்து நாலு வருஷம். ஆனாலும் தேங்க்ஸ்கிவிங் தவறாமல் அடுக்குச் சாலட்டும் கையுமாக வந்து, வெர்லுக்கு நேர் எதிரே உட்காருவாள். அன்றைக்குக் கோலெட்டுக்கு வான்கோழி தொண்டையில் இறங்காது.

"அத்தை, இந்த வருஷமாவது அவங்க வேண்டாமே."

"என் பிள்ளைக்குத்தான் அவ வேண்டாம். எனக்கு வேணும். அடுக்குக் கலையாத சாலட் இல்லாம இந்த வீட்டு மேஜையில ஜெபம் சொன்னதே கிடையாது. இது நின்னா அவ வர வேண்டாம். நிக்கலைன்னா ஒரே ஒரு போன், ஓடி வந்துடுவா."

பச்சையும் இறுகியது; சாப்பாட்டு நேரம் நெருங்கியது. வான்கோழி அடுப்பை விட்டு வந்துவிட்டது. கூடத்தில் நாற்காலிகள் இழுபட்டன. கோலெட் மறுபடியும் தொலைபேசியைச் சுழற்றினாள்.

"அக்கா, எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கினா அதுவும் நடுங்கும். அச்சை வெந்நீர்ல முக்கு. ஒரு மூச்சு நேரம், அதுக்கு மேல வேண்டாம். தட்டை நனைச்சியா? ஈரத் தட்டுலதான் கோணலா விழுந்தாலும் நகர்த்தலாம்."

தட்டை மேலே மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கவிழ்த்தாள்.

அசையவில்லை.

"வரலேக்கா!"

"குலுக்கிடாதே! தூக்கிப் பிடி, ஓரத்துல கத்தி நுனியை விடு, கொஞ்சம் காத்துப் போகட்டும்..."

வாசலில் லவெர்டா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ரிசீவர் நழுவி மாவு டின்னுக்குப் பின்னால் விழுந்தது. கோலெட் கத்தி நுனியை விட்டாள். 'சளப்' என்று ஒரு சத்தம். தகர அச்சு லேசானது. மெல்லத் தூக்கினாள்.

சாலட் இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் சாய்ந்தது. பிறகு நின்றது.

லவெர்டா தட்டைச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள். ஒரு விரலால் குத்தினாள். அத்தனை நிறமும் நடுங்கியது. ஒன்றும் கலையவில்லை.

"ம்ம்." தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். "ஜனீலுக்குப் போன் போட்டு, வர வேண்டாம்னு சொல்லிடு."

அவள் தலை மறைந்ததும், கோலெட் எந்த எண்ணையும் சுழற்றாமல் ரிசீவரை எடுத்தாள்.

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுதுடி என் தங்கமே!" மறுமுனையில் ஜனீல் கைதட்டினாள். "கோர்ட்டு குடுத்தது கிடக்கட்டும். எனக்கு இன்னைக்குத்தான்டி நிஜமா விவாகரத்து ஆச்சு!"