ஒரு முடி, ஒரு நட்சத்திரம்

முன்தலையில் மிஞ்சியிருந்ததே ஒரு கைப்பிடிதான். அதிலிருந்து ஒரு முடியைச் சுண்டிப் பிடுங்கினார் முதலாளி. கண்ணில் நீர் வந்துவிட்டது. அடியில் வெள்ளை, மேலே காப்பிப்பொடி நிறம். அதை பர்கரின் மேல் பக்குவமாக வைத்தார்.

வீட்டில் யாரும் இல்லை. இருந்தும் கதவைத் தாழிட்டிருந்தார். மகன் கழித்துப் போட்ட பழைய கைபேசியில் நாலு படம் எடுத்து, முடி பளிச்சென்று தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனுஷன் செய்கிற காரியமா இது? சீ!

ஆனால் அவரும் என்னதான் செய்வார்? பர்கர் கடை வைத்துப் பதினெட்டு வருடம். முன்பெல்லாம் மத்தியானத்தில் உட்கார நாற்காலி கிடைக்காது. இப்போது கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறார். ஜனங்கள் வீட்டில் படுத்துக்கொண்டே கைபேசியைத் தடவுகிறார்கள், தீனி வாசலுக்கு வந்துவிடுகிறது.

"நாமளும் அந்த ஆப்புல சேர்ந்துடலாங்க" என்றாள் மனைவி. சேர்ந்தார்கள். ஒரு வாடிக்கையாளர் "ரொட்டி காய்ந்திருக்கிறது" என்று எழுத, "உன் நாக்குதான் காய்ந்திருக்கிறது" என்று இவர் பதில் எழுதினார். இப்படி ஏழெட்டுப் பேரிடம் மல்லுக்கு நின்றதில் கடையின் மதிப்பு இரண்டு நட்சத்திரத்துக்கு இறங்கியது.

மனைவி கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். "இனிமே இந்தப் பக்கம் நீங்க தலை வெச்சுப் படுக்காதீங்க. ஆர்டரையெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

"தாராளமா பாரு. ஆனா டெலிவரி ஆளுங்க ஹெல்மெட்டோட முன்வாசல்ல வந்து நிக்கக் கூடாது. பின்பக்கமா வந்து வாங்கிட்டுப் போகட்டும்!" என்று தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார். சட்டம் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அதற்கப்புறம் முளைத்ததுதான் 'தீப்பொறி'. எந்தத் தெருவிலும் பலகை இல்லை. நடத்துகிறவன் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. செயலியில் மட்டுமே இருக்கும் கடை. வந்து இரண்டே மாதம், அதற்குள் நாலே முக்கால் நட்சத்திரம்!

போன வாரம் மாஸ்டரைக் கூப்பிட்டார். கடை தொடங்கிய நாளிலிருந்து அடுப்படியில் நிற்கிற மனுஷன். "மாசக் கடைசியோட கடையைப் பூட்டிடலாம்னு இருக்கேன். நீ வேற இடம் பார்த்துக்கப்பா" என்றார்.

மாஸ்டர் குல்லாவைக் கழற்றி வழவழ மண்டையைத் துடைத்துக்கொண்டார். "அவசரப்படாதீங்க முதலாளி. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார். முதலாளியின் மனைவியை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். முதலாளியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் இன்றைக்குப் பொய்ப் பெயரில் தீப்பொறிக்கு ஆர்டர் போட்டு, தெருமுனையில் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்று வாங்கி வந்தார். ஒன்பதே நிமிடத்தில் வந்துவிட்டது. ரொட்டி கையைச் சுட்டது.

ஒரு கடி கடித்தார். "அடப்பாவி, என்ன ருசி! நம்ம மாஸ்டர் இவன்கிட்ட போய்ப் பாடம் படிக்கணும்!"

அந்த வயிற்றெரிச்சலில் பிடுங்கியதுதான் அந்த முடி. 'சாப்பாட்டில் முடி. குடலைப் புரட்டுகிறது' என்று எழுதி, படத்தைச் சேர்த்து, ஒற்றை நட்சத்திரம் போட்டு அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'வருந்துகிறோம். விசாரணை முடியும் வரை இந்தக் கடை நிறுத்திவைக்கப்படுகிறது.'

சந்தோஷம் வரும் என்று நினைத்தார். வரவில்லை. அங்கேயும் ஒரு மாஸ்டர் இருப்பானே, இந்நேரம் கைகட்டித் திட்டு வாங்கிக்கொண்டிருப்பானே என்று தோன்றியது. உழைத்துப் பிழைத்த நாம் போயும் போயும் ஒரு முடியை வைத்து இன்னொருத்தன் வயிற்றில் அடித்துவிட்டோமே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

புகாரைத் திரும்பப் பெற எதையெதையோ அழுத்திப் பார்த்தார். அவருக்கு அது பிடிபடவில்லை. மானம் போனால் போகட்டும், மனைவியிடமே உண்மையைச் சொல்லி எடுக்கச் சொல்லலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார்.

முன்பக்கத்தில் ஈ காக்கை இல்லை. வழக்கமாக அவர் எட்டிப்பார்க்காத அடுப்படிக்குள் நுழைந்தார். மாஸ்டர் குல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மனைவி கைபேசியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?" என்றார் முதலாளி.

"நீங்களே நியாயம் சொல்லுங்க முதலாளி!" என்று மாஸ்டர் பாய்ந்து வந்தார். "உங்க கோபத்துக்குப் பயந்து அக்கா உங்ககிட்ட மறைச்சிட்டாங்க. அந்தத் தீப்பொறி வேற யாரோடதும் இல்ல, நம்ம அடுப்புதான். பழைய பேர்ல யாரும் வாங்கலைன்னு புதுப் பேர்ல போட்டோம். அதுலதான் கடை வாடகையே கட்டுறோம். இப்போ எந்தப் படுபாவியோ முடி கிடந்துச்சுன்னு எழுதி அதையும் நிறுத்திட்டான். அத்தனை பர்கரும் நான் ஒருத்தன் கையால போடறது. என் தலையில முடி இருக்கா, நீங்களே பாருங்க!"

முதலாளிக்கு நின்ற இடத்திலேயே தரை பிளந்துகொள்ளாதா என்றிருந்தது.

மனைவி அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். அடியில் வெள்ளை, மேலே காப்பிப்பொடி நிறம். பிறகு மெல்ல நிமிர்ந்து கணவரின் முன்தலையைப் பார்த்தாள்.

"அழாதீங்க மாஸ்டர்" என்றாள். "இந்த முடிக்குச் சாயம் பூசிவிட்டதே நான்தான்."