ஈர மணலுக்கு ஒரு மெஷின்

“மண்ணுக்குள்ள கெடக்குறதைக் காட்டுற மெஷின் இருக்குங்களா?”

ஜெயசீலனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கேமராவும் மெட்டல் டிடெக்டரும் விற்கிற கடை வைத்தாலும் வைத்தான், இந்தப் புதையல் பைத்தியங்கள் அவனை விட்டபாடில்லை.

“எந்த ஊருங்க?”

“ரெட்டிபாளையம். பேரு வீரமணிங்க.”

ஐம்பது தாண்டிய ஆள். சட்டையெல்லாம் சிமென்ட் தூசி, கக்கத்தில் ஒரு பை. கூட வந்த மனைவி வெளியே வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“கொல்லையில தங்கக் குடம் ஏதும் கெடக்குதா?” என்றான் ஜெயசீலன் நக்கலாக.

“கொல்லையில இல்லீங்க. பூம்புகார் போயி கடற்கரையில தேடணும்.”

ஓகோ, கதை அப்படிப் போகுதா! அமாவாசைக்கு முழுக்குப் போட வருகிறவர்களின் மோதிரமும் மூக்குத்தியும் அந்த மணலில்தானே விழும். செத்தவங்களுக்காக அழ வந்தவன் தொலைத்ததைப் பொறுக்க, புருஷனும் பெண்டாட்டியுமாகக் கிளம்பிவிட்டார்கள். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா?

ஆனாலும் கடைக்கு வந்தவரை விரட்ட முடியுமா? இரண்டு மெஷினை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“சின்னது காஞ்ச தரைக்கு. உப்புத் தண்ணி பட்டா சும்மா சும்மா கத்தும். இந்தப் பெருசு ஈர மணலுக்குன்னே வந்தது. ஆணி, பாட்டில் மூடி, இரும்புக் குப்பை எதுக்கும் வாயைத் தொறக்காது. தங்கம்னா உடனே கத்திடும்.”

வீரமணியின் முகம் வாடிவிட்டது.

“இரும்பைக் காட்டாதுங்களா?”

“காட்டாது. அதானே உங்களுக்கு வேணும்?”

“இல்லீங்க. இரும்புக்கும் கத்தணும்.”

“அதுக்கும் பட்டன் இருக்கு. ஆனா அடிக்கு ஒரு ஆணி வரும். நாள் பூரா குனிஞ்சு நோண்டணும், பரவாயில்லையா?”

“நோண்டுறேங்க.”

அடேயப்பா, ஆணியைக்கூட விடமாட்டார் போலிருக்கே!

“அப்படி என்னத்தைத் தேடப் போறீங்க? கெடைச்சா எனக்கும் ஒரு பங்கு உண்டுல்ல?”

வீரமணி பெரிய மெஷினைத் தூக்கிப் பார்த்தார்.

“சரி, பொருள் எவ்வளவு பெருசு? அதைப் பொறுத்துத்தான் ஆழம்.”

வெளியே இருந்த மனைவிக்குத் தெரியாதபடி முதுகைக் காட்டிக்கொண்டு, வீரமணி பையிலிருந்து ஒரு எக்ஸ்ரேயை எடுத்தார். ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். கால் எலும்பு. அதை ஒட்டி நீளமாக ஒரு தகடு, வரிசையாக ஸ்குரு.

“இந்தத் தகடு அளவுங்க.”

“யார் கால் இது?”

“எம் பையனுது. போன வருசம் பைக்ல விழுந்தப்ப வச்சாங்க.”

“சரி, அதுக்கும் கடலுக்கும் என்னங்க?”

வீரமணி வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தை மாசம் அங்க குளிக்கப் போனவனை அலை இழுத்துட்டுப் போயிடுச்சு சார். ஒடம்பு இன்னும் கெடைக்கல. கண்ணால பாக்காம காரியம் பண்ண விடமாட்டேங்குறா அவ. எம் புள்ளைகிட்ட தங்கம்னு ஒரு பொட்டும் இல்லீங்க... இந்த இரும்பு ஒண்ணுதான்.”